குப்பிமேல் 'மனித' என்ற சொல்: ஒரு கைனேஸின் வரலாறு குறித்து

'மனிதன்' என்கிற வகைமையை நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் போட்டு உடைத்த உடைப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஃபூக்கோவை முன்வைத்து ஒரு பக்கம் நடந்தது. 'மனிதன்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லும்போது அதற்குள் சேரி எங்கே, பெண் எங்கே என்று தலித், பெண்ணியத் தோழர்கள் கேட்டது இன்னொரு பக்கம். ஆனால் விவாதம் பெரும்பாலும் பிரதி, மொழி, சட்டம், சடங்கு என்கிற தளங்களிலேயே நின்றது. ஆய்வகத்தின் கதவைத் தட்டவில்லை. அங்கே 'மனித' என்பது கேள்விக்கு அப்பாற்பட்ட உயிரியல் உண்மை என்கிற எண்ணம் - முற்போக்காளர்களிடம் கொஞ்சம் கூடுதலாகவே - இருந்துவருகிறது. அந்த எண்ணத்தோடு மல்லுக்கட்டத்தான் இந்தக் கட்டுரை. உதாரணத்திற்கு எடுத்துக்கொள்வது ஒரே ஒரு புரதம். சி.டி.கே. என்று சுருக்கமாகச் சொல்லப்படுகிற செல் சுழற்சிக் கைனேஸ். அதன் மறுசேர்க்கை வடிவத்தைக் குப்பியில் அடைத்து, 'மனித' என்று லேபிள் ஒட்டி, உலகம் முழுக்க விற்கிறார்கள்.

நான் விஞ்ஞானி அல்ல. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வுப் பிரிவில் சரக்கு வரவு எழுதும் வேலையில் சில வருஷம் இருந்தேன். தெர்மக்கோல் பெட்டிக்குள் டிரை ஐஸ் புகைய, சுண்டுவிரல் உயரத்தில் குப்பிகள் வரும். உள்ளே பார்த்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். சரக்கு என்னவோ பத்து மைக்ரோகிராம். என் பேரேட்டில் 'மூலம்' என்று ஒரு பத்தி உண்டு. ரசாயனமா, தாவரமா, விலங்கா என்று அதில் எழுத வேண்டும். லேபிளில் 'இனம்: மனிதன்' என்று போட்டிருக்கும். அதற்கடுத்த வரியில் 'உருவாக்கிய செல்: எஸ்.எஃப்.9, பூச்சி'. அதற்கும் கீழே 'ஜி.எஸ்.டி. ஒட்டு' (2017இல் வந்த வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). கடைசியில், 'ஆய்வுக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டிற்கு அல்ல'. ஆய்வகத்தில் வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டேன், "என்னம்மா எழுதட்டும், மனுஷன்னா, பூச்சின்னா?" என்று. "பூச்சின்னே போடுங்க சார். மனுஷன்னு போட்டா கிளியரன்ஸ்ல நூறு கேள்வி கேப்பாங்க" என்றார். காசு கொடுத்து வாங்கும்போது மனிதனாக இருந்தது, ரிஜிஸ்தரில் ஏறும்போது பூச்சியாகிவிட்டது. இதில் பொய் எதுவுமில்லை என்பதுதான் விசேஷம். இரண்டுமே லேபிளில் அச்சாகியிருக்கின்றன.

இந்தப் புரதம் என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டுமென்றால் முதலில் தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வேண்டும். நகல் முடிந்ததா என்று பார்த்து, பிறகு பிரிய வேண்டும். வரிசை தப்பினால் செல் சாகும்; அல்லது கட்டுப்பாடின்றிப் பெருகும் - புற்று என்கிறோமே, அது. இந்த வரிசையைத் தள்ளிக்கொண்டு போவது கைனேஸ்கள். கைனேஸ் என்பது ஏ.டி.பி. என்கிற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின்மேல் ஒட்டிவிடுகிற நொதி. ஒட்டியதும் ஒட்டப்பட்டதன் நடத்தை மாறிவிடும். சி.டி.கே. தனியாக இருந்தால் மந்தம். சைக்ளின் என்கிற வேறொரு புரதம் வந்து பிடித்துக்கொண்டால்தான் அதற்கு உயிர் வரும். இவ்வளவு தெரிந்தால் போதும், மேற்கொண்டு வரலாற்றுக்குப் போகலாம்.

பாடநூல்களில் இந்தக் கதை 2001ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரிலிருந்து தொடங்கும். லேலண்ட் ஹார்ட்வெல், பால் நர்ஸ், டிம் ஹண்ட். நான் 1970இலிருந்து தொடங்குகிறேன். அந்த ஆண்டு பி.என். ராவ், ராபர்ட் ஜான்சன் என்ற இருவர் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெவ்வேறு கட்டத்தில் இருக்கிற இரண்டு செல்களை ஒன்றாக இணைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது சோதனை. பிரிந்துகொண்டிருக்கிற செல்லோடு எந்தக் கட்டத்துச் செல்லை இணைத்தாலும், அது தயாராக இருக்கிறதோ இல்லையோ, அதன் குரோமோசோம்களும் சுருங்கிக்கொண்டு பிரிவதற்கு நிற்கின்றன. ஆக, பிரியும் செல்லுக்குள் ஏதோ ஒன்று இருக்கிறது. அது பக்கத்தில் உள்ளதையும் இழுத்துக்கொண்டு போகிறது. அந்த 'ஏதோ ஒன்று'தான் பிற்பாடு குப்பிக்குள் வந்தது. அந்தச் சோதனைக்குப் பயன்பட்டவை ஹீலா செல்கள்.

ஹீலா என்பது ஹென்ரியட்டா லாக்ஸ். அமெரிக்காவில் வெர்ஜீனியாவின் புகையிலைக் காட்டில் உழைத்து வளர்ந்த கறுப்பினப் பெண். 1951இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கிய வார்டில் கருப்பை வாய்ப் புற்றோடு படுத்திருந்தார். அவரிடம் கேட்காமல் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு, ஆய்வகக் கண்ணாடிக்குள் சாகாமல் பெருகிற்று. அக்டோபரில் அவர் இறந்தார். 31 வயது. இரட்டைக் குவளை பார்த்து வளர்ந்த நமக்கு அந்த வார்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: வார்டில் பிரித்துவைத்த உடம்பு, சோதனைக்குழாய்க்குள் போனதும் எல்லாருக்குமான 'மனித செல்' ஆகிவிட்டது. உயிரோடு இருந்தவரை கிடைக்காத பொதுமனித அந்தஸ்து, பெயரை அழித்த பிறகு கிடைத்தது. ரொம்ப காலம் அந்தச் செல்லின் சொந்தக்காரி ஹெலன் லேன் என்று தப்பான பெயரே புழங்கிவந்தது. ராவும் ஜான்சனும் கட்டுரை எழுதிய 1970இல், அந்தச் செல்கள் உயிரோடிருப்பதே லாக்ஸ் குடும்பத்துக்குத் தெரியாது. 1973இல்தான் தெரியவருகிறது.

ஆனால் கைனேஸ் பிடிபட்டது மனிதச் செல்லில் இல்லை, ஈஸ்டில். ஹார்ட்வெல் சியாட்டிலில் ரொட்டி ஈஸ்டை வைத்துக்கொண்டு, சூடு கூடினால் பிரிவது நின்றுபோகிற திரிபுகளை வரிசையாகத் தேடினார். 1973 வாக்கில் இப்படி 32 மரபணுக்களை அடையாளம் கண்டார்கள். சி.டி.சி.28 என்பது அதிலொன்று. சுழற்சி கிளம்புகிற இடத்திலேயே அதற்கு வேலை. நர்ஸ் எடின்பரோவில் இன்னொரு ஈஸ்டை எடுத்துக்கொண்டார். நீட்டுவாக்கில் வளர்ந்து நடுவில் பிளந்துகொள்கிற ஜாதி அது. சீக்கிரமே பிளந்து குட்டியாகிவிடுகிற திரிபுகளுக்கு 'வீ' என்று பெயர் வைத்தார். ஸ்காட்லாந்துப் பேச்சில் வீ என்றால் குட்டி. பரிசோதனைக்கூடத்துக் கலைச்சொல்லிலும் தெருப்பேச்சு புகுந்துவிடுகிறது பாருங்கள். ஐம்பது 'வீ' திரிபுகளைச் சேர்த்ததில் நாற்பத்தொன்பது ஒரே மரபணுவில் விழுந்தன. மிச்சமிருந்த ஒன்று மட்டும் வேறு. பூஞ்சை பிடித்த தட்டு என்று குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, மனசு கேட்காமல் திரும்பப் போய் எடுத்துவந்தாராம்; நர்ஸே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்த ஒற்றைத் திரிபு இருந்த மரபணுதான் சி.டி.சி.2. அது கெட்டுப்போனால் செல் பிரியாது. இப்படித் திரிந்தாலோ அவசரப்பட்டுப் பிரியும். அப்படியானால் வேகத்தைத் தீர்மானிக்கிற இடத்தில் அது உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

இந்த ஈஸ்டின் பெயர் ஸ்கிசோசாக்கரோமைசிஸ் பாம்பே. நம் பம்பாய்க்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பாம்பே என்பது சுவாஹிலி மொழியில் பீரைக் குறிக்கும் சொல். கிழக்கு ஆப்பிரிக்கச் சிறுதானியப் பீரிலிருந்து இந்த இனத்தைப் பிரித்து, 1893இல் லிண்ட்னர் என்ற ஜெர்மானியர் விவரித்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஜெர்மனி காலனி அமைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நேரம். நம் கேழ்வரகின் பூர்வீகமும் அந்த மேட்டுநிலந்தான். பீர் காய்ச்சியவர்களின் மொழி, லத்தீன் வேஷத்தில் இனப்பெயராக ஒட்டிக்கொண்டது. காய்ச்சியவர்கள் யார் என்பது வரலாற்றில் இல்லை.

இன்னும் இரண்டு பிராணிகள் பாக்கி. 1971இல் யோஷியோ மசுயியும் கிளெமென்ட் மார்க்கெர்ட்டும் முதிர்ந்த தவளை முட்டையின் சாற்றை முதிராத முட்டைக்குள் செலுத்த, அதுவும் முதிர்ந்தது. சாற்றில் இருந்த காரணிக்கு எம்.பி.எஃப். என்று பெயர். 1982 கோடையில் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தில் டிம் ஹண்ட், கடல் முள்ளெலி என்று சொல்லப்படும் முட்தோலியின் முட்டைகளில், ஒவ்வொரு பிரிவுக்கு முன்னும் சேர்ந்து ஒவ்வொரு பிரிவிலும் மாயமாகிற புரதத்தைப் பார்த்தார். சைக்ளின் அதுதான். எம்.பி.எஃப்.பைச் சுத்திகரித்தபோது (1988) உள்ளே இருந்தது நர்ஸின் ஈஸ்ட் புரதத்தினுடைய தவளை உறவு. கூடவே சைக்ளினும் இருந்தது பிறகு உறுதியாயிற்று. ஆக, ஹீலாவில் கண்ட 'ஏதோ ஒன்று', தவளை முட்டைச் சாறு, ஈஸ்ட் மரபணு, முட்தோலிப் புரதம் எல்லாம் ஒரே ஏற்பாட்டின் துண்டுகள். மசுயிக்கு 1998இல் ஹார்ட்வெல், நர்ஸோடு சேர்த்து லாஸ்கர் பரிசு கொடுத்தார்கள். 2001இல் நோபல் பட்டியலில் அவர் இல்லை. ஒரு பரிசுக்கு மூன்று பேருக்குமேல் கூடாது என்பது அங்கே விதி.

இப்போது 1987. லண்டனில் நர்ஸின் ஆய்வகத்தில் மெலனி லீ ஒரு வேலை செய்தார். சி.டி.சி.2 கெட்டுப்போன ஈஸ்டை எடுத்துக்கொண்டார். சூடேற்றினால் அது பிரியாது, செத்துப்போகும். அதற்குள் மனித மரபணுத் துண்டுகளின் தொகுப்பொன்றை, எது எதற்குள் போகிறது என்று தெரியாமலே ஏற்றினார். பிறகு சூடேற்றிக் காத்திருந்தார். எந்த ஈஸ்ட் பிழைக்கிறதோ, அதற்குள் போன மனிதத் துண்டு சி.டி.சி.2 செய்கிற அதே வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். உள்ளூர் நாயனக்காரருக்கு உடம்பு சரியில்லை, அடுத்த ஊர்க்காரரை மேடையேற்றுகிறோம். தவுல்காரர் வித்தியாசம் பார்க்காமல் வாசித்துக்கொண்டு போனால் சரி, இல்லையென்றால் கச்சேரி கலைந்தது. ஈஸ்ட் பிழைத்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் பிரிந்துபோன இரண்டு வம்சங்கள். இரண்டிலும் இந்தப் புரதம் 297 அமினோ அமிலங்கள். அதில் 63 சதவீதம் ஒன்றுபோல. அந்த ஆண்டு 'நேச்சர்' கட்டுரையின் தலைப்பில் 'மனித' என்ற சொல் வருகிறது. நான்கு வருஷம் கழித்து அதன் தம்பியான சி.டி.கே.2வையும் ரொட்டி ஈஸ்டை வைத்தே ஆய்வாளர்கள் மீன்பிடிப்பதுபோல் பிடித்தார்கள்.

இதை நிதானமாக யோசிக்க வேண்டும். இந்த மனிதப் புரதத்தைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அது மனிதனுக்கென்று பிரத்தியேகமாக இல்லை என்பதுதான். ஈஸ்டால் வித்தியாசம் காண முடியாததால்தான் அது அகப்பட்டது. மனித மேன்மையைப் பற்றிய அத்தனை பெருங்கதையாடல்களுக்கும் இதைவிடப் பெரிய அடியை எந்தத் தத்துவவாதியும் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில் நடந்தது நேர்மாறானது. இதே புரதம் 'மனித' என்கிற முத்திரையோடு சரக்காகிறது. முத்திரைக்கு நியாயமான விளக்கமும் உண்டு. ஒரு ஆராய்ச்சியாள நண்பர் என்னிடம் கறாராகச் சொன்னார்: "அறுபத்துமூணு ஒண்ணுன்னா முப்பத்தேழு வேற. மருந்து போய் உட்கார்ற குழி துளி மாறினாலும் உட்காராது. அதான் மனித வரிசை வேணும்." மறுக்க முடியாது. ஆனால் அவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டால், 'மனித' என்பது இங்கே உடம்பும் அல்ல, உயிரும் அல்ல, ஒரு எழுத்து வரிசை. எந்தப் பூச்சியின் வயிற்றிலும் நகலெடுக்கலாம். நகலெடுக்கக்கூடியது என்றால் அடுத்த கேள்வி உடனே வரும்: பிரதியின் உரிமை யாருக்கு?

அந்தக் கேள்விக்கான பதில் மெலனி லீயின் சோதனைக்கு ஏழு வருஷம் முந்தியே தயாராகியிருந்தது. மறுசேர்க்கை டி.என்.ஏ. நுட்பம் 1973இல் வந்தது. கட்டுரையில் நான்கு பெயர்கள்: ஸ்டான்லி கோஹன், ஆனி சாங், ஹெர்பர்ட் போயர், ராபர்ட் ஹெல்லிங். காப்புரிமையில் கோஹன், போயர் இரண்டே பேர். 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் விஞ்ஞானிகள் கூடி இந்த நுட்பத்தின் ஆபத்துகளை விவாதித்ததை அறிவியலின் மனசாட்சிக்கு உதாரணமாக இன்றும் சொல்வார்கள். அங்கே பேசியது பாதுகாப்பு. கிருமி தப்பினால் என்ன செய்வது என்பது. உயிரியல் ஆயுதமும் அறவியல் கேள்விகளும் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே வைக்கப்பட்டன. உடைமை பற்றிப் பேச்சில்லை. கோஹன்-போயர் காப்புரிமை விண்ணப்பமோ அதற்கு மூன்று மாதம் முன்பு, 1974 நவம்பரிலேயே போட்டாயிற்று. மனசாட்சி கூட்டம் கூடுவதற்குள் பத்திரம் எழுதிவிட்டார்கள்.

1980ஐ நான் திருப்புமுனை ஆண்டு என்பேன். ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மனிதன் உருவாக்கிய நுண்ணுயிருக்குக் காப்புரிமை உண்டு. (சக்கரவர்த்தி மேற்கு வங்கத்துக்காரர், ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை பார்த்தவர். எண்ணெய் தின்னும் பாக்டீரியா அவருடையது.) அக்டோபரில் ஜெனன்டெக் பங்குச்சந்தைக்கு வருகிறது. டிசம்பர் 2 அன்று கோஹன்-போயர் காப்புரிமை. பத்து நாள் கழித்து பே-டோல் சட்டம்: அரசுப் பணத்தில் செய்த ஆய்வின் காப்புரிமையைப் பல்கலைக்கழகமே வைத்துக்கொள்ளலாம். ஆக, மறுசேர்க்கைப் புரதம் என்கிற பொருள் பெரிய அளவில் உற்பத்தியாகும் முன்பே அதை உடைமையாக்குகிற சட்டவெளி கட்டமைக்கப்பட்டுவிட்டது. 1997 டிசம்பரில் காலாவதியாவதற்குள் அந்த ஒரு நுட்பத்தின் உரிமத்திற்காக 468 நிறுவனங்கள் பணம் கட்டின. ஏறத்தாழ 25.5 கோடி டாலர். இதே தொண்ணூறுகளில்தான் டங்கல் வரைவை எதிர்த்து நாம் துண்டுப்பிரசுரம் அடித்துக்கொண்டிருந்தோம். விதையும் மருந்தும் நம் கண்ணில் இருந்தன. சோதனைக்குழாய்க்குள் இருந்த புரதம் நம் பட்டியலில் வரவில்லை.

மனித உடலின் பக்கம் என்ன நடந்தது? ஜான் மூர் என்கிற ரத்தப் புற்று நோயாளியின் மண்ணீரலை 1976இல் எடுத்தார்கள். அதிலிருந்து ஒரு செல் வழியை உருவாக்கி, டாக்டரும் பல்கலைக்கழகமும் 1984இல் காப்புரிமை வாங்கின. மூர் வழக்குப் போட்டார். 1990இல் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் சொன்னது: சம்மதம் முறையாகக் கேட்கவில்லை என்று டாக்டர்மேல் வழக்குத் தொடரலாம், வெட்டியெடுத்த செல்லின்மேல் அவருக்குச் சொத்துரிமை கிடையாது. உடம்பு யாருடையதோ அவனுக்கு மட்டும் அது சொத்து இல்லை! 2013இல் மார்பகப் புற்று மரபணு தொடர்பான மிரியட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இயற்கையான டி.என்.ஏ.வுக்குக் காப்புரிமை இல்லை என்றது. பெரிய வெற்றி என்று கொண்டாடினோம். அதே தீர்ப்பில், செல்லின் தூதுவ ஆர்.என்.ஏ.விலிருந்து திருப்பி எழுதிய நகல் டி.என்.ஏ.வுக்கு உண்டு என்றும் சொல்லியிருக்கிறது. மறுசேர்க்கைப் புரதங்கள் பெரும்பாலும் தயாராவது அந்த நகலிலிருந்துதான்.

சரி, குப்பிக்குள் வருவோம். எஸ்.எஃப்.9இன் முதல் இரண்டெழுத்து ஸ்போடாப்டெரா ஃப்ரூஜிபெர்டா. 2018இல் இந்தியாவுக்குள் நுழைந்து பெரம்பலூர்ப் பக்கத்து மக்காச்சோளக் காடுகளைத் தின்று தீர்த்ததே, படைப்புழு, அதே பூச்சி. அதன் கூட்டுப்புழுவின் சினைப்பையிலிருந்து எழுபதுகளில் அமெரிக்காவில் எடுத்து வளர்த்த செல் வழியின் வாரிசு அது. மனித மரபணுவை அதற்குள் கொண்டுபோவது பாக்குலோ வைரஸ், புழுக்களைக் கொல்கிற வைரஸ். நம் ஊர் விவசாயி என்.பி.வி. கரைசல் என்று பருத்திக் காய்ப்புழுவுக்கு அடிப்பாரே, அதன் பங்காளி. வைரஸ் தனக்கென்று ஒரு புரதத்தை மூட்டை மூட்டையாகச் செய்யும். அதன் மரபணுவை எடுத்துவிட்டு மனித மரபணுவைச் செருகிவிட்டால், பூச்சிச் செல் ஏமாந்து மனிதப் புரதத்தை மூட்டை கட்டும். டெக்சாஸில் 1983இல் இப்படி மனித இன்டர்ஃபெரான் செய்து காட்டினார்கள். பத்தாண்டு கழித்து பெர்க்லியில் சுங்-ஹூ கிம் குழுவினர் இதே வழியில் செய்த மனித சி.டி.கே.2வைப் படிகமாக்கி அதன் வடிவத்தை வெளியிட்டார்கள். முதன்முதலில் வடிவம் தெரிந்த செல் சுழற்சிக் கைனேஸ் அது.

அப்புறம் அந்த ஒட்டு. பூச்சிச் செல்லை உடைத்தால் ஆயிரம் புரதம் கலந்து கிடக்கும். நமக்கு வேண்டியதை மட்டும் பிரிக்க அதற்கு ஒரு வால் ஒட்டிவைக்கிறார்கள். வாலைப் பிடித்து இழுத்தால் சரக்கு வரும். ஜி.எஸ்.டி. அப்படிப்பட்ட வால். எங்கிருந்து வந்தது? ஷிஸ்டோசோமா ஜப்பானிக்கம் என்கிற ரத்தப் புழுவிலிருந்து. சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேஷியாவின் சில பகுதிகளில் வயலிலும் வாய்க்காலிலும் கால் நனைக்கிறவர்களின் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்க் கல்லீரலைக் கெடுக்கிற புழு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதற்குத் தடுப்பூசி தேடினார்கள். 1986இல் ஒரு புரதம் நம்பிக்கை தந்தது. 1988இல் அதே புரதத்தை மற்ற புரதங்களைச் சுத்திகரிக்கிற வாலாக மாற்றி ஸ்மித்தும் கெவின் ஜான்சனும் கட்டுரை எழுதினார்கள். வால் உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது. அந்தப் புழுவுக்கு எதிராக மனிதருக்கான தடுப்பூசி இன்றுவரை புழக்கத்திற்கு வரவில்லை. யார்மேலும் குற்றம் சொல்லவில்லை; தேடியவர்கள் உண்மையாகத்தான் தேடினார்கள். வாலுக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள், தடுப்பூசிக்கு வாங்குகிறவர்கள் கால் நனைத்துக்கொண்டு நின்றார்கள்.

கைனேஸ் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நெடுங்காலம் பயன்பட்ட ஹிஸ்டோன் எச்1 என்ற புரதம் கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து வருவது. இறைச்சிக்கூடத்துச் சரக்கு. பசு அரசியல் உச்சத்தில் இருக்கிற தேசத்தின் எத்தனை ஆய்வகக் குளிர்பெட்டிகளில் அது சத்தமில்லாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையும் இந்தக் கதைக்குள் வருகிறது. டைசாக்சிலம் பைநெக்டாரிஃபெரம் என்கிற மரம் அங்கும் வடகிழக்கிலும் வளர்வது, வேம்பின் குடும்பம். பம்பாயில் ஹெக்ஸ்ட் இந்தியா நிறுவனத்தின் விஞ்ஞானிகள் அதிலிருந்து ரோஹிதுகின் என்ற பொருளைப் பிரித்து 1988இல் கட்டுரை வெளியிட்டார்கள். மூலக்கூறைக் கொஞ்சம் மாற்றிச் செய்ததுதான் ஃப்ளேவோபிரிடால். அது சி.டி.கே.க்களின் ஏ.டி.பி. குழிக்குள் போய் உட்கார்ந்து வேலையை நிறுத்துகிறது என்று தெரிந்தது. 1996இல் பெர்க்லிக் குழு அதன் நெருங்கிய உறவு மூலக்கூறு ஒன்றை மறுசேர்க்கை மனித சி.டி.கே.2வின் குழிக்குள் உட்கார்ந்த நிலையில் படிகமாக்கிக் காட்டியது. படைப்புழுவின் செல்லில் பிறந்த மனிதப் புரதத்துக்குள் நம் காட்டு மரத்தின் வாரிசு! மனிதர்கள்மேல் சோதித்துப் பார்க்கப்பட்ட முதல் சி.டி.கே. தடுப்பான் ஃப்ளேவோபிரிடால்தான். கம்பெனி கைமாறிக் கைமாறி, அது இன்னும் கடைக்கு வரவில்லை.

இதைத் திருட்டு என்று ஒரே சொல்லில் முடித்துவிட எனக்கு மனமில்லை. பிரித்தவர்கள் இந்திய விஞ்ஞானிகள், வேலை பம்பாயில் நடந்தது. ஆனால் உயிரியல் பன்மை உடன்படிக்கை வந்தது 1992இல், இந்தியச் சட்டம் 2002இல். மரம் அதற்கெல்லாம் முன்பே குழாய்க்குள் போய்விட்டது. வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை எதிர்த்துப் போராடி 2000இல் ரத்து செய்யவைத்தோம், 2005இல் மேல்முறையீட்டிலும் வென்றோம். வேம்பு நம் வாசலில் நிற்கிறது, அதற்காகத் தெருவுக்கு வர ஆள் இருந்தார்கள். அதே குடும்பத்தின் இந்த மரத்திற்கு யாரும் வரவில்லை. பெயர்கூடத் தெரியாத மரத்திற்காக எந்த இயக்கம் தெருவுக்கு வரும்?

கடைக்கு வந்தது வேறு மருந்து. பால்போசிக்ளிப், சி.டி.கே.4, 6 இரண்டையும் தடுப்பது. ஃபைசர் நிறுவனத்தினுடையது. மார்பகப் புற்றுக்கு 2015 பிப்ரவரியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 1970ஆம் ஆண்டுச் சட்டப்படி மருந்துக்குச் செய்முறைக் காப்புரிமை மட்டும்தான்; 2005 திருத்தத்துக்குப் பிறகு பொருளுக்கும் உண்டு. அதனால் எட்டு வருஷம் காத்திருக்க வேண்டிவந்தது. 2023 ஜனவரியில் இந்தியக் காப்புரிமை காலாவதியானதும் உள்ளூர்க் கம்பெனிகளின் மாத்திரைகள் வந்தன. விலை பெருமளவு சரிந்தது. மருந்து அதே மருந்து, நோய் அதே நோய். டிசம்பரில் கைக்கு எட்டாதது பிப்ரவரியில் எட்டியது. இடையில் கண்டுபிடிப்பு எதுவும் நடக்கவில்லை, ஒரு தேதி கடந்தது, அவ்வளவுதான். 'மனித' என்கிற சொல் குப்பியிலிருந்து மாத்திரை அட்டை வரை பயணம் போகும்போது, யாரெல்லாம் அதற்குள் ஏறிக்கொள்ளலாம் என்பதை அந்தத் தேதி முடிவு செய்தது.

2021இல் ஹென்ரியட்டா லாக்ஸின் வாரிசுகள் தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். கேட்காமல் எடுத்த செல்லில் சம்பாதித்தது யாருடைய பணம் என்பது வழக்கு. காலக்கெடு தாண்டிவிட்டது, தள்ளுபடி செய்யுங்கள் என்றது நிறுவனம். குடும்பத்தின் வக்கீல்கள் சொன்ன பதில் எளிமையானது: செல்கள் இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன, நீங்களும் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறீர்கள். அந்த நிறுவனத்தின் விற்பனைப் பட்டியலில் மறுசேர்க்கை மனிதக் கைனேஸ்களும் உண்டு. 2023 ஆகஸ்ட் 1, ஹென்ரியட்டா உயிரோடிருந்தால் 103 வயது நிறைகிற நாளில், சமரசம் ஏற்பட்டதாக இரு தரப்பும் அறிவித்தன. எவ்வளவு தொகை என்பதை வெளியிடவில்லை.